பூமிநாதன் நனைந்த கதை

எங்கள் நெடுவாக்குளத்துக்கு அந்த வருஷம் மழை மேகத்திலிருந்து வரவில்லை, மைக்செட் பூமிநாதனிடமிருந்து வந்தது. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் ஒரு மாதிரியாகச் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த மழையில் காய்த்த மிளகாயை வாங்கிக் குழம்பு வைத்துச் சாப்பிட்டவர்கள்தான் அவர்களும்.

ஐப்பசியில் வர வேண்டியது வரவில்லை, கார்த்திகையில் வந்தது தூசியை அடக்கக்கூடப் பத்தவில்லை, கண்மாய்க்குள் பிள்ளைகள் குச்சி நட்டுக் கிரிக்கெட் ஆடினார்கள், மார்கழி பிறந்தும் மிளகாய்ச் செடி முழங்காலைத் தாண்ட மாட்டேன் என்று அடம்பிடித்து நின்றது. அந்த நேரத்தில்தான், ஊர் மனசு கொஞ்சம் ஆறட்டும் என்று, கோயில் பொட்டலில் வெள்ளைத் திரை கட்டி ‘நீ வராத மழை’ படத்தை பூமிநாதன் எங்களுக்குப் போட்டுக் காட்டினார். கல்யாணம், காதுகுத்து, சாவு எதுவானாலும் எங்கள் ஊரில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுகிறவர் அவர்தான். ஐம்பதை நெருங்கும் வயதிலும் தலையைப் படிய வாரி, சட்டைப் பையில் டெஸ்டரைப் பேனா மாதிரி குத்தியிருப்பார். பழைய காதல் பாட்டுகள் எல்லாம் தன்னைக் கேட்டுத்தான் எழுதப்பட்டன என்பது போல ஒரு முகம்.

அந்தப் படம் தமிழ்நாட்டையே அழ வைத்த படம். ஒரு பையன், ஒரு பெண், இருவரும் ஊரைவிட்டுப் போவதென்று பேசி முடிவெடுக்கிறார்கள். பையன் கையில் மஞ்சள் பையோடும் கம்பி ஒடிந்த குடையோடும் பேருந்து நிலையத்தில் வந்து நிற்கிறான், மழை கொட்டுகிறது, குடை பறக்கிறது, ஒவ்வொரு பேருந்தாகக் கிளம்பிப் போகிறது, விளக்கெல்லாம் அணைகிறது, அவள் வரவேயில்லை. எங்கள் ஊரில் அன்றைக்கு அழாதது கோயில் மாடு ஒன்றுதான். பூமிநாதன் அழுத அழுகையில் புரொஜெக்டர் ஆடியது, திரையில் கதாநாயகன் கொஞ்ச நேரம் இரண்டாகத் தெரிந்தான்.

மறுநாள் காலை டீக்கடை வாசலில் நின்றுகொண்டு அவர் சொன்னார், “அது என் கதைப்பா.”

எங்களுக்கு அதில் ஆச்சரியம் இல்லை, ஏனென்றால் அந்தக் கதை எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். இருபது வருஷத்துக்கு மேலாக அவர் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். வடக்குத்தெரு அன்னமயிலும் அவரும் பழகியதும், முதுகுளத்தூர் பேருந்து நிலையத்துக்கு வந்துவிடு என்று இவர் சொன்னதும், அடாத மழையில் இவர் கடைசி வண்டி வரைக்கும் நின்றதும், அவள் வராமல் ஏமாற்றியதும், பிறகு கண்மாய்க்கு அந்தப் பக்கம் கொம்படிச்சேரியில் தவசி என்கிற, விவசாயம் பார்க்கிற சம்சாரிக்கு அவள் வாக்கப்பட்டதும், ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் பாடம். பொங்கலுக்கு அன்னமயில் பிறந்த வீட்டுக்கு வந்தால் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொள்வார்கள். அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. அவளும் எதையும் சொன்னதில்லை.

படம் எடுத்தவர்களுக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டதற்கும் அவரிடம் பதில் இருந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் தாடி வைத்த ஒருவர் கண்மாயைப் படம் பிடிக்க வந்து, இதே டீக்கடையில் உட்கார்ந்து, பூமிநாதன் சொன்னதையெல்லாம் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுவிட்டுப் போனதை நாங்களும் பார்த்திருந்தோம். மஞ்சள் பை பொருந்தியது, ஒடிந்த குடை பொருந்தியது, கதாநாயகிக்கு வலப்பக்கம் மூக்குத்தி இருந்ததுகூடப் பொருந்தியது. ஆகவே அது அவர் கதைதான் என்று நாங்களும் ஒப்புக்கொண்டோம், அவரும் இன்னொரு டீ சொல்லிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார், பேருந்து நிலையம் வந்த இடத்தில் மழை பிடித்துக்கொண்டது.

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. பெண்கள் “ஏய், வரட்டிய அள்ளுங்கடி” என்று கத்திக்கொண்டு ஓடினார்கள், ஓடிப் பார்த்தால் வரட்டி மேல் ஒரு சொட்டு இல்லை. மழை பூமிநாதன் மேலும், அவர் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மேலும், டீ பாய்லர் மேலும் மட்டும் பெய்துகொண்டிருந்தது. டீக்கடைக்காரர் பாய்லரைத் தள்ளி வைத்தார். பூமிநாதன் கதையை நிறுத்தினார், மழையும் நின்றது. நாங்கள் எல்லோரும் முதலில் பார்த்தது தரையைத்தான். மண் எவ்வளவு ஆழம் நனைந்திருக்கிறது என்று சோணைமுத்து விரலை விட்டுப் பார்த்தார்.

சோணைமுத்து எங்கள் ஊர் நீர்பாய்ச்சி. கண்மாயில் தண்ணீர் இருக்கிற காலத்தில் யார் வயலுக்கு எப்போது மடை திறப்பது, எப்போது அடைப்பது என்று முறை வைத்துப் பாய்ச்சுகிறவர், சொந்தத் தம்பி வயல் என்றாலும் ஒரு நொடி கூடுதலாகத் தர மாட்டார். கண்மாய் வற்றியதிலிருந்து வேலையில்லாமல் இருந்தவர், அன்றைக்கு விரலில் ஒட்டிய ஈர மண்ணை உருட்டிப் பார்த்துவிட்டு, “ரெண்டு விரக்கடை எறங்கியிருக்கு. இதையும் முறை வச்சுப் பாய்ச்ச வேண்டியதுதான்” என்றார். அவ்வளவுதான், ஊர்க்கூட்டம் அத்தோடு முடிந்தது.

அதற்கப்புறம் நாங்கள் படிப்படியாக அந்த மழையைப் பழகிக்கொண்டோம். அவர் வேறு கதை சொன்னால் பெய்யவில்லை. மின்சார ஆபீசோடு அவர் போட்ட சண்டையை ஒரு முற்பகல் முழுக்கச் சொல்ல வைத்துப் பார்த்தோம், தூறல்கூட இல்லை. அந்தப் படம் தன் கதைதான் என்று நினைத்தவர்கள் ஊரில் இன்னும் ஆறேழு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் ரேஷன் கடைக்காரர், ஒருவர் பேரன் எடுத்தவர். அவர்களும் வெட்கத்தை விட்டு வயலில் நின்று சொல்லிப் பார்த்தார்கள். ரேஷன் கடைக்காரருக்கு மட்டும் லேசாகக் காற்றடித்தது, அதற்கே அவர் மனைவி ஒரு வாரம் பேசவில்லை. பூமிநாதன் சொன்னால்தான் மழை, அதுவும் அவர் குரல் எட்டுகிற தூரம் வரைக்கும்தான் மழை. இதைக் கண்டுபிடித்ததும் அவருடைய மைக்கையும் குழாயையும் அவருக்கே கட்டினோம். மைக்கைப் பாலித்தீன் பையில் சுற்றி, ஆம்ப்ளிபயரை டிராக்டர் மேல் படுதா போட்டு மூடி, குழாயைப் பனைமரத்தில் ஏற்றி வைத்தோம். அவர் “அன்னைக்கு ஐப்பசி மாசம்” என்று ஆரம்பித்தால், சத்தம் போகிற வயல் வரைக்கும் மழை போனது.

முறைக்காரர் வீட்டில் துண்டும் சுக்குக் காப்பியும் கொடுக்க வேண்டும், கதை நடக்கும்போது யாரும் குறுக்கே பேசக் கூடாது, அழுகை வந்தால் அழலாம், சிரிக்கக் கூடாது, இப்படிச் சில வழக்கங்கள் தாமாக உண்டாயின. பள்ளிக்கூட வாத்தியார் குடை பிடித்து நின்று கேட்டுவிட்டு, கதையில் வர்ணனை போதாது என்று சொல்லிவிட்டுப் போனார். செடி பச்சைகட்டியது. பக்கத்து ஊர்ச் செடிகள் கருகிக்கொண்டிருக்க, எங்கள் ஊர் மிளகாய்க் கொல்லைகள் மட்டும் இலை விரித்து நின்றன. பூமிநாதன் தெருவில் நடந்தால் எதிரே வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுகிற அளவுக்குப் போயிற்று. அவருக்கும் அது பிடித்திருந்தது, பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

ஆனால் பூப்பிடிக்கிற காலம் வந்ததும் செடிக்குத் தண்ணீர் அதிகம் தேவைப்பட்டது, பழைய கதை கால்வாசிக் கொல்லையைத் தாண்டவில்லை. பூமிநாதன் கதையை நீட்ட ஆரம்பித்தார். முதலில் மழையைக் கொஞ்சம் கூட்டினார், தன் காத்திருப்பைக் கூட்டினார், பிறகு அன்னமயிலைக் கூட்டினார். ஒரு வாரம் அவள் இவரிடம் வளையல் வாங்கிப் போட்டுக்கொண்டு ஏமாற்றினாள். அடுத்த வாரம் தவசி வீட்டில் பத்து ஏக்கர் இருக்கிறது என்று கேள்விப்பட்டு மனசு மாறினாள். அதற்கடுத்த வாரம் பேருந்து நிலையத்தில் இவர் நனைந்து நின்றபோது, தோழியோடு ஜவுளிக்கடை மாடியில் நின்று வேடிக்கை பார்த்துச் சிரித்தாள். அவள் எவ்வளவு மோசமானாளோ அவ்வளவு தூரம் தண்ணீர் ஓடியது. வரப்பில் நின்றுகொண்டு நாங்களே கேட்கத் தொடங்கினோம்: “அண்ணே, இன்னும் கொஞ்சம் அவளப் பத்திச் சொல்லுங்கண்ணே, கடைசிப் பாத்திக்கு எட்டலை.” அவரும் சொன்னார்.

இதெல்லாம் நடக்கும்போது பூமிநாதன் வீட்டில் கொடியில் எப்போதும் அவர் வேட்டியும் சட்டையும் சொட்டிக்கொண்டிருந்தன. அவர் மனைவி பாண்டிமீனா அதிகம் பேசாத பெண். புருஷன் இன்னொருத்தியை நினைத்து உருகுவதை ஊரே குழாயில் கேட்க, அவள் துணியைப் பிழிந்து பிழிந்து காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பெண்கள் யாராவது பாவப்பட்டுப் பேச வந்தால், “மழை நாள்ல துணி காயாதுல்ல” என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுவாள்.

ஒரு நாள் முறை முடிந்து வந்து, நனைந்த சட்டையோடு திண்டாடிக்கொண்டு நின்ற பூமிநாதன் அவளிடம் சொன்னார்: “மீனா, சட்ட முதுகுல ஒட்டுனா இம்புட்டுக் குளுருமா? அன்னைக்குக் குளுந்துச்சான்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். ஞாவகமே வரலை.”

பாண்டிமீனா சட்டையை வாங்கிப் பிழிந்தாள்.

“நனைஞ்சிருந்தாத்தான ஞாவகம் வரும்.”

“என்ன சொல்ற?”

“இத்தன வருசமா உங்க கூடக் குடித்தனம் பண்றேன். ரெண்டு தூறல் விழுந்தா வாசப்படி தாண்ட மாட்டீக. தலவலி வந்துரும்னு துண்டப் போட்டுக்கிட்டு உக்காந்துருவீக. நீங்களாக்கும் போயி கடசி பஸ்சு வரைக்கும் மழையில நின்னீக?”

எங்கள் யாருக்கும் தோன்றாத கேள்வி அது. அன்றைக்கு முழுக்க அவர் மைக்செட் கொட்டகைக்குள் உட்கார்ந்து பழைய ஆம்ப்ளிபயரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அத்தனை வருஷம் சொல்லிச் சொல்லித் தானே நம்பிவிட்ட கதை, ஈரச்சட்டை பட்டுக் கரைந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை அவர் சோணைமுத்துவிடம் போய், உடம்புக்கு முடியவில்லை, முறையை நிறுத்திவிடலாம் என்றார்.

“உடம்புக்கு என்ன?”

“வெக்கமா இருக்கு.”

சோணைமுத்து அவரை ஏற இறங்கப் பார்த்தார். “வெக்கத்த அறுவடைக்கி அப்புறம் வச்சுக்கிரும். இப்பத்தான் பூவே விட்டுருக்கு.”

இந்த நேரத்தில்தான் கொம்படிச்சேரியிலிருந்து தவசி வந்தார். கண்மாய்க்குள்ளேயே நடந்து வந்ததால் முழங்கால் வரை புழுதி. நல்ல மனிதர், யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசாதவர். எங்கள் ஊரில் பெண் எடுத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளை முறை. பூமிநாதனை அவர் மச்சான் என்று கூப்பிடுவார், கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். அன்றைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார்.

“மச்சான், எங்க செடி நிக்காது போலருக்கு. காத்து எங்க பக்கம் திரும்புனா ரெண்டு தூறல் விழுது, கதையும் கேக்குது. கதை எல்லாம் கேட்டாச்சு, மழைதான் பத்தலை. ஒரு முறை எங்களுக்கும் வந்து சொல்லணும்.”

பூமிநாதன் எங்களைப் பார்த்தார். யாராவது ஒருவர், வேண்டாம் மாப்பிள்ளை, அது சரிப்படாது என்று சொல்லிவிடுவோம் என்று எதிர்பார்த்தார் போல. சொல்லியிருக்கலாம். ஆனால் பெண் கொடுத்த ஊர், மாப்பிள்ளை வந்து தண்ணீர் என்று கேட்டு இல்லை என்று சொன்ன வழக்கம் எங்களிடம் கிடையாது. கண்மாய் நிறைந்த காலத்தில் அந்தப் பக்கத்துக்கும் ஒரு முறை திறந்துவிடுவோம். சோணைமுத்து முறையைக் கணக்குப் பண்ணி, நாளைக் காலை என்றார்.

வீட்டில் பூமிநாதன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். “அவ முன்னாடி நின்னு எப்படி மீனா சொல்றது?”

பாண்டிமீனா தட்டை எடுத்து வைத்தாள். “அவ இல்லாதப்ப எப்படிச் சொன்னீகளோ அப்படி” என்றாள். பிறகு, கொஞ்சம் குரல் இறங்கி, “அவ வராம ஏமாத்துனதுனாலதான் நான் வந்தேன்னு ஊரே நெனைக்குது. அவளுக்கும் சேத்துத்தான் நானும் தல குனிஞ்சு நடக்குறேன். போயிட்டு வாங்க” என்றாள்.

கொம்படிச்சேரிக் கொல்லையில் எங்கள் ஊரும் அந்த ஊரும் கூடிவிட்டன. டிராக்டர் போய், வேப்பமரத்தில் குழாய் ஏறி, மைக்குக்குப் பாலித்தீன் பை மாட்டி எல்லாம் தயாரானது. செடிகள் தலை தொங்கி நின்றன, தொட்டால் பூ கையோடு வந்தது. அன்னமயில் வாய்க்கால் தலைப்பில் சேலையை ஏற்றிச் சொருகிக்கொண்டு, மம்பட்டியை ஊன்றி நின்றாள். தலை பாதி நரைத்திருந்தது. வலப்பக்கம் மூக்குத்தி போட்ட துளை மட்டும் இருந்தது, மூக்குத்தி இல்லை. பூமிநாதன் அவளைப் பார்த்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அவள் வாய்க்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கு ஐப்பசி மாசம்” என்று பூமிநாதன் ஆரம்பித்தார். குரல் கம்மியிருந்தாலும் மழைக்கு அது பொருட்டில்லை. தூறல் விழுந்தது, கனத்தது, செடிகளின் மேல் சடசடவென்று அடித்தது, கொம்படிச்சேரிப் பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு மேலே பார்த்தார்கள். மஞ்சள் பை வந்தது, குடை வந்தது, பேருந்து நிலையம் வந்தது. அவள் வரவில்லை என்று சொல்ல வேண்டிய இடம் வந்தபோது அன்னமயில் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள், கோபமில்லாமல், அடுத்த வரி தெரிந்த ஆள் பார்ப்பது போல.

பூமிநாதன் நின்றுவிட்டார். மைக்கில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னார்:

“நான் போகலை.”

குழாய் அதை இரண்டு ஊருக்கும் சொன்னது.

“அவ போனா. நான்தான் போகலை. என்னைய யாரும் கட்டிப்போடலை. எங்கப்பா அடிக்கலை. அருவாளத் தூக்கிக்கிட்டு யாரும் வாசல்ல நிக்கலை. அன்னைக்குக் காலையில எங்கப்பா மதுரையிலருந்து புது ஆம்ப்ளிபயர் வாங்கிட்டு வந்தாக. நான் போயிட்டா அது தம்பிக்குப் போயிரும்னு நெனச்சேன். மழை அடிக்குது, அவ அங்க நிப்பான்னு தெரியுது, நான் கொட்டகைக்குள்ள உக்காந்து ஹலோ ஹலோ மைக் டெஸ்டிங்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். ஒரு சொட்டு நனையலை. மறுநா எவனோ என்னாச்சுன்னு கேட்டான். அவ வரலைன்னுட்டேன். கேக்குறவுகட்ட எல்லாம் அப்படியே சொன்னேன்.”

மழை நின்றது. மடையை அடைத்தது போல ஒரே அடியாக நின்றது. வெயில் பளிச்சென்று அடித்தது, ஈர இலைகள் மினுங்கின.

இனி நடந்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு பெண்ணை ஏமாற்றுக்காரி என்று பேசிவந்த நாங்கள், அது பொய் என்று கேட்டதும், அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நாங்கள் வானத்தைப் பார்த்தோம். அத்தனை பேரும், ஒருவர் பாக்கியில்லாமல், வாயைத் திறந்துகொண்டு வானத்தைப் பார்த்தோம். அப்புறம் தரையைப் பார்த்தோம், தண்ணீர் இரண்டாவது வாய்க்காலோடு நின்றிருந்தது. தவசி மட்டும் எதையும் பார்க்கவில்லை, குனிந்தபடியே இருந்தார். அவருக்கு இது புதுச் செய்தி இல்லை என்பது அந்த நிற்பிலேயே தெரிந்தது.

கூட்டத்திலிருந்து யாரோ, எங்கள் ஊர்க் குரல்தான், “அண்ணே, அது கெடக்கட்டும், பழசையே சொல்லுங்கண்ணே” என்றது.

பூமிநாதன் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, கைகளைக் கூப்பிக்கொண்டு நின்றார். “இனி என்னால முடியாதுய்யா.”

அப்போது அன்னமயில் மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பு வழியாக அவரை நோக்கி நடந்து வந்தாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அடித்திருந்தால் எல்லோருக்கும் நன்றாக இருந்திருக்கும். அவள் பக்கத்தில் வந்து நின்று, கீழே கிடந்த மைக்கை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“செடி காயுதுண்ணே. எப்பவும் சொல்றதையே சொல்லுங்க.”

அவள் அவரை அண்ணே என்று கூப்பிட்டதை மைக் பிடித்துக்கொண்டது, குழாயில் எல்லோருக்கும் கேட்டது.

“உன் முன்னாடி வச்சு எப்படித் தாயி...”

“இத்தன நாளு சொன்னது எனக்குக் கேக்கலைன்னா நெனச்சீக? காத்து இந்தப் பக்கந்தான அடிக்குது. நான் வரலைன்னே சொல்லுங்க. பூவு உதுந்தா இந்த வருசம் எங்களுக்கு ஒண்ணும் இல்ல. மூணு பிள்ளைக இருக்கு.”

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் வாய்க்கால் தலைப்பில் நின்றுகொண்டாள்.

அவர் சொன்னார். வேறென்ன செய்வார்? அவள் வரவில்லை என்று சொன்னார், அவள் வாயால் கேட்டு வாங்கிய பொய்யை அவள் முகத்துக்கு நேராகச் சொன்னார், மழை அதுவரை நாங்கள் பார்த்திராத மழையாக இறங்கியது. அவர் அழுதுகொண்டே சொன்னார், நாங்கள் நனைந்துகொண்டே கேட்டோம், அன்னமயில் முட்டியளவு சேற்றில் நின்று ஒரு பாத்தியை வெட்டித் திறந்தாள், நிறைந்ததும் மண்ணை இழுத்து அடைத்தாள், அடுத்ததைத் திறந்தாள். தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது, கதை தீர்ந்துபோயிற்று. கடைசியில் இரண்டு பாத்திகள் மிச்சம் இருக்கும்போது மழை சன்னமாகியது.

அன்னமயில் நிமிர்ந்தாள். முகத்தில் வழிந்த தண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

“வளையல விட்டுட்டீகளே” என்றாள். “நான் வளையல் வாங்கிக்கிட்டு ஏமாத்துனேன்னு சொல்லுவீகள்ல. அதச் சொல்லுங்க.”

பூமிநாதன் வளையலையும் சொன்னார். ஜவுளிக்கடை மாடியில் நின்று அவள் சிரித்ததையும் சொன்னார். மழை திரும்பவும் கனத்தது, கடைசிப் பாத்தியும் நிறைந்தது. அவள் மடையை அடைத்து, மம்பட்டியின் பின்பக்கத்தால் இரண்டு தட்டுத் தட்டி இறுக்கினாள். “போதும்ணே, நெறஞ்சிருச்சு” என்றாள்.

வழக்கப்படி தவசி துண்டும் சுக்குக் காப்பியும் கொண்டுவந்தார். பூமிநாதன் இரண்டையும் வாங்கவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தலைகுனிந்து நின்றார். தவசிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அன்னமயில் வாய்க்கால் தண்ணீரில் மம்பட்டியைக் கழுவிவிட்டு வந்து, தவசி கையிலிருந்த துண்டை வாங்கி அவரிடம் நீட்டினாள்.

“வாங்கித் தொவட்டுங்கண்ணே. அன்னைக்கி நான் நனைஞ்சு நிக்கிறப்ப ஒரு துண்டு குடுக்க ஆளில்ல. அதுக்காக, எங்க கொல்லைக்கி வந்தவுகள ஈரத்தோட அனுப்ப முடியுமா?”

அவர் வாங்கினார். தலையைத் துவட்டாமல், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே நின்றார். மழை நின்று, வெயில் வந்து, செடிகளிலிருந்து ஆவி கிளம்பிய பிறகும் அவர் துண்டை எடுக்கவில்லை. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், மரத்திலிருந்து குழாயை இறக்கி, ஒயரைச் சுருட்டினோம்.